பழைய கணினியில் எந்த உலாவியை அமைப்பது?

அவிநாசி தாலுகாவைச் சேர்ந்த சேவூரை நிலக்கடலை ஏலத்தினால் அறிந்தவர் பலர். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திற்கு மூட்டையுடன் வரும் விவசாயியின் வீட்டிலேயே, திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேலைக்குச் செல்பவர் ஒருவரும் இருப்பது அப்பகுதியில் சாதாரணம். இத்தகைய ஊர்களில் பட்டா, சிட்டா பார்ப்பதும், வீட்டு வரி செலுத்துவதும், வங்கிக் கணக்கைச் சரிபார்ப்பதும் இன்று வலைத்தளங்களின் வழியாகவே பெரிதும் நடைபெறுகின்றன. ஆகையால், கைவசமுள்ள பழைய கணினியைப் பத்திரமாக உபயோகிப்பது எவ்வாறு என்னும் கேள்வி நகரத்தாருக்கு மட்டும் உரியதன்று.

2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் விண்டோஸ் 10க்கு அளிக்கப்பட்டு வந்த வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. தனியாகப் பதிவு செய்துகொண்ட கணினிகளுக்கே சிறிது கால நீட்டிப்பு உண்டு. விண்டோஸ் 11ஐயோ பழைய கணினிகள் பல ஏற்பதில்லை. இவற்றைக் குப்பையில் சேர்க்க வேண்டிய அவசியமில்லை. எடை குறைந்த லினக்ஸ் அமைப்பொன்றைப் பதித்தால் இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். லினக்ஸ் நமக்குப் புதியதுமன்று. 2011இல் தமிழக அரசு மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் விண்டோஸுடன் சேர்த்து அளிக்கப்பட்டது. பெரும்பாலோர் அதைத் திறந்து பார்க்கவேயில்லை என்பது வேறு விஷயம்.

லினக்ஸைப் பதிப்பவர் செய்யவேண்டிய பிரதானமான முடிவு, எந்த உலாவி தானாகத் திறக்குமாறு வைப்பது என்பதாகும். ஒரு முறை அமைத்துவிட்டால் பிறகு அதை மாற்றுவோர் மிகச் சிலரே. அலுவலகத்திற்கு வரும் பத்துப் பேரும் அதே சன்னலில்தான் தம் கடவுச்சொல்லை எழுதுவார்கள்.

இங்கே பலரும் ஒரு தவறான கணக்குப் போடுகிறார்கள். அமைப்பு இலேசானது, ஆகவே உலாவியும் இலேசானதாக இருக்கட்டும் என்பது அவர்கள் வாதம். டில்லோ என்னும் சிறு உலாவியை உதாரணமாகக் கொள்வோம். இதற்கு மிகக் குறைந்த நினைவகம் போதும். கண்மூடித் திறப்பதற்குள் வந்து நிற்கும். ஆனால் இன்றைய வலைத்தளங்களை இயங்கச் செய்யும் ஜாவாஸ்கிரிப்ட் என்னும் நிரல் மொழியை இது அறியாது. ஆகையால் வங்கித் தளத்தில் உள்நுழைய இயலாது. குறைந்த தீனி தின்கிறது என்று வாங்கிய மாடு ஏரில் பூட்டியதும் படுத்துக்கொண்டால் என்ன பயன்?

இங்கிலாந்தில் உருவான ராஸ்பெரி பை என்னும் மலிவுக் கணினியின் வரலாறு இதற்குத் தக்க சான்று. அதன் லினக்ஸ் அமைப்பில் முதலில் மிடோரி என்னும் சிறு உலாவி இருந்தது. 2014இல் எபிபனி வந்தது. 2016இல் அதுவும் போய், முழு வடிவான குரோமியம் அமர்ந்தது. 2023 முதல் பயர்பாக்ஸையும் தேர்ந்துகொள்ளலாம். எளிய கருவிக்கும் முழு உலாவியே வேண்டியதாயிற்று.

வேகத்தைக் காட்டிலும் பெரியது பாதுகாப்பு. உலாவியில் ஓட்டைகள் ஓயாமல் கண்டுபிடிக்கப்படுகின்றன. அவற்றை உடனுக்குடன் அடைக்க ஆள் வேண்டும். 'பாஸ்' உள்பட எத்தனையோ அமைப்புகளுக்கு மூலமான டெபியன், பொது உபயோகத்திற்குப் பயர்பாக்ஸ் அல்லது குரோமியத்தையே பரிந்துரைக்கிறது. சில உலாவி எந்திரங்களுக்குத் திருத்தம் அளித்துவர இயலாது என்று அது வெளிப்படையாகவே கூறியிருக்கிறது.

எஞ்சிய இரண்டனுள் நாம் பயர்பாக்ஸின் நீண்டகால ஆதரவுப் பதிப்பையே முதலில் வைப்போம். அதன் அமைப்பு ஏறக்குறைய ஆண்டுக்கு ஒரு முறையே மாறும். பாதுகாப்புத் திருத்தங்களோ சில வாரங்களுக்கு ஒரு முறை வந்துகொண்டிருக்கும். பழகிய பொத்தான் இடம் மாறினால் தடுமாறும் முதியோருக்கு இது பெரும் சௌகரியம். அன்றியும், யூபிளாக் ஆரிஜின் என்னும் விளம்பரத் தடுப்பான் இதில் முழு வலிமையுடன் இயங்குகிறது. குரோம் வகையில் அதன் பழைய முழு வடிவத்திற்கு இடமில்லாமற் போயிற்று. 2 ஜி.பி. நினைவகம் உள்ள கணினியில், விளம்பரத்தைத் தடுப்பதே கணினிக்குப் பாதி மூச்சுத் தருவதாகும். குரோமியத்தை இரண்டாவதாகப் பதித்துவைப்பது நல்லது. சில தளங்கள் அதில்தான் ஒழுங்காகத் திறக்கின்றன.

பழைய மடிக்கணினியில் 'ஐஸ்வீசல்' என்ற பெயரைக் காண்போர் ஐயுற வேண்டாம். வணிகச் சின்ன உரிமைப் பிணக்கால் 2006 முதல் 2016 வரை டெபியனில் பயர்பாக்ஸ் அப்பெயரில் வழங்கிற்று. ஆனால் அப்பழைய பதிப்பில் பணம் செலுத்துவது ஆபத்து.

கணினி 64 பிட் வகையா என்பதையும் முன்னதாகக் கேட்டறிய வேண்டும். 32 பிட் லினக்ஸுக்குக் குரோம் 2016இலேயே நின்றது. 2025இல் வெளிவந்த டெபியன் 13ஐ அத்தகைய கணினியில் புதிதாகப் பதிக்க வழியில்லை. பயர்பாக்ஸும் அதே ஆண்டில் 144ஆம் பதிப்புடன் வழக்கமான வெளியீட்டை நிறுத்திக்கொண்டது. அப்படிப்பட்ட கணினியைப் பிள்ளைகள் தட்டச்சுப் பழக வைத்துக்கொள்ளலாம்.

பதித்தபின் தமிழ் எழுத்துக்குப் பதில் கட்டங்கள் தோன்றினால், அது உலாவியின் குற்றமன்று. லோஹித் தமிழ் அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைச் சேர்த்தால் தீரும். பலர் கைப்படும் கணினியில் கடவுச்சொல்லைச் சேமிக்கும் வசதியை நிறுத்திவிட வேண்டும். வங்கித் தளங்களின் முகவரி 'பேங்க்.இன்' என்று முடியுமாறு 2025 அக்டோபர் இறுதிக்குள் மாற்றவேண்டும் என்று ரிசர்வ் வங்கி பணித்திருந்தது. முகவரிப் பட்டையில் அதைப் பார்த்த பிறகே எண்களை எழுதும்படி எல்லோருக்கும் காட்டிக் கொடுக்க வேண்டும்.

பஞ்சாயத்து அலுவலகக் கணினியாயின் இன்னொரு சோதனை உண்டு. 2020இல் தொடங்கப்பட்ட இ-கிராம ஸ்வராஜ் தளத்தின் வழியாகப் பணம் வழங்க மின்னணுக் கையொப்பக் கருவி வேண்டும். அக்கருவிக்குரிய மென்பொருள் லினக்ஸில் இயங்குகிறதா என்று அறியாமல் விண்டோஸை அழித்துவிட்டால், பணம் வழங்கும் வேலை நின்றுபோகும். ஆகவே முதலில் லினக்ஸைப் பென் டிரைவிலிருந்தே இயக்கி, கருவியைச் செருகி, பயர்பாக்ஸிலும் குரோமியத்திலும் கையொப்பம் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். ஏறாவிட்டால், அந்த ஒரு வேலைக்கு மட்டும் திருத்தங்கள் பெற்றுவரும் விண்டோஸ் கணினியை வைத்துக்கொண்டு, வரி, பட்டா முதலிய மற்ற வேலைகளைப் பழைய கணினிக்குத் தரலாம்.