அண்ணிக்கு இன்னும் டியூப் எதற்கு?

அன்புள்ள செல்விக்கு,

நேற்று போனில், "டியூப் இருக்கறதால ராத்திரி நிம்மதியாத் தூங்கறோம் அத்தை" என்றாய். அதைக் கேட்டதிலிருந்து மனசு சரியில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சிறுநீர் டியூப் போட்டது தப்பில்லை. பக்கவாதம் வந்த புதிதில் சிறுநீர்ப்பை சுருங்க மறந்து, நீர் உள்ளேயே தேங்கிவிடும். அப்போது அது தேவைதான். ஆனால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும், கிருமி குடியேறும் வாய்ப்பு நூற்றுக்கு 3 முதல் 7 வரை ஏறிக்கொண்டே போகும். ஒரு மாதம் தாண்டினால் அநேகமாக யாருமே தப்ப முடியாது. அண்ணி வீட்டுக்கு வந்தே மூன்று வாரம் ஆகிறதே, இன்னும் இது வேண்டுமா என்று டாக்டரிடம் யாராவது கேட்டீர்களா?

உன்னை மட்டும் குறை சொல்லவில்லை. வார்டில் வேலை பார்த்த நாட்களில் நாங்களும் துணி மாற்றும் வேலை மிச்சம் என்று, எடுக்க வேண்டிய டியூபை நாலு நாள் கூட விட்டுவைத்திருக்கிறோம். குளிர்காய்ச்சல் வந்த பிறகுதான் அவசரமாக எடுப்போம். இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

அண்ணிக்கு மற்றதும் சாதகமாக இல்லை. பெண்களுக்கு மூத்திரக்குழாய் 4 சென்டிமீட்டர்தான். மலத்தில் இருக்கும் ஈ.கோலை கிருமிக்கு அது பெரிய தூரமே இல்லை. சுகர் வேறு. வலது பக்கம் வராததால் எழுந்து நடமாட்டமும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேல், பேச்சு போய்விட்டது. எரிகிறது, முட்டுகிறது என்று எப்படிச் சொல்வார்? நீதான் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

புரையேறும் என்று பயந்து தண்ணீரைக் குறைத்திருப்பீர்கள் என்றும் தோன்றுகிறது. விழுங்கும் பயிற்சி தருபவர் சொன்ன கெட்டிப் பதத்தில், நிமிர்த்தி உட்காரவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்கக் கொடு. மலச்சிக்கலையும் கவனி. குடல் அடைத்துக்கொண்டால் சிறுநீரும் சரியாகப் பிரியாது.

டியூபை நீயாக இழுத்துவிடாதே. உள்ளே தண்ணீர் நிரப்பிய பலூன் இருக்கும். நர்ஸ்தான் எடுக்க வேண்டும். எடுத்த பிறகு நீர் மிச்சம் நிற்கிறதா என்று ஸ்கேனில் பார்ப்பார்கள். நின்றால், வேளைக்கு வேளை மெல்லிய குழாய் விட்டு எடுத்துவிடலாம். எப்போதும் மாட்டியே வைப்பதற்கு அது எவ்வளவோ மேல். நிற்காவிட்டால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பெட்பேன் வை. தூக்கம் கெடும், தெரியும்.

டியூபை எடுக்கும்வரை, சிறுநீர் சேரும் பை இடுப்புக்குக் கீழேயே தொங்கட்டும், தரையில் படக்கூடாது. வீல்சேரில் மாற்றும்போது மடியில் வைக்கிறீர்களே, அதை நிறுத்து. கழுவும்போது முன்னிருந்து பின்னே கழுவு.

இன்னொன்று. காய்ச்சலோ வேறு தொந்தரவோ இல்லாதபோது, சிறுநீர் கல்ச்சர் பரிசோதனையில் கிருமி என்று வந்ததற்காக மட்டும் மாத்திரை வாங்கிக் கொடுக்காதே. ஆனால் காய்ச்சல், நடுக்கம், திடீர் மந்தம், ஆளைத் தெரியாமல் விழிப்பது இவற்றில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திராமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு. அது கிருமியாகவும் இருக்கலாம், மறுபடி வாதமாகவும் இருக்கலாம். வீட்டில் வைத்துப் பிரித்துப் பார்க்க முடியாது.

திங்கட்கிழமை டாக்டரிடம் டியூப் பற்றித்தான் முதலில் கேட்க வேண்டும். என்ன சொன்னார் என்று அன்றைக்கே போன் பண்ணு.

அன்புடன்,
அத்தை