முயற்கூண்டைக் காத்தல்

பழம்பலகை கொண்டு நாமே செய்த கூண்டில் கோழிவலை அடித்துவிட்டு, இனி அச்சமில்லை என்றிருக்கிறோம். அவ்வலை முயலை உள்ளே நிறுத்துமேயன்றிப் பகையை வெளியே நிறுத்தாது. ஓர் அங்குலக் கண்ணில் எலி நுழையும். இளம் மலைப்பாம்பும் நுழையும். குட்டியை விழுங்கிய பாம்பு, வயிறு பருத்து வெளியேற இயலாமல் அங்கேயே சுருண்டு கிடப்பதுண்டு. நாம் பால்வெட்டுக்குச் சென்றபின் தழை வைக்க வரும் பிள்ளையன்றோ அதனை முதலிற் காணும்!

ஆகவே, அரை அங்குலக் கண்ணுடைய, பற்றவைத்த கம்பிவலையை அடிப்பக்கம் உட்பட எங்கும் பொருத்துவோம். ஆணி மட்டும் போதாது. வலையோரத்தின்மேல் மரச்சட்டம் வைத்து அழுத்தி அடித்தல் வேண்டும். கதவுக்குக் கயிறு ஆகாது. எலி கடித்தறுக்கும், மரநாய் நெம்பும். மேலும் கீழும் தாழ்ப்பாள் இடுக. எறும்புக்காகக் கூண்டின் கால்களை நீர்க்குவளையில் நிறுத்துவோர், அந்நீரில் ஏடிஸ் கொசு பெருகாதிருக்கச் சிறிது எண்ணெய் ஊற்றுவாராக.