நகப்பூச்சை இறுக்கும் விளக்கு

நகத்தில் பூசும் ஜெல், சாதாரண நகப்பூச்சைப் போலக் காற்றில் உலர்வதன்று. விளக்கொளி பட்டதும் அதிலுள்ள ஒளித்தூண்டி சிதைந்து வினையைத் தொடங்கிவைக்க, அக்ரிலேட் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு இறுகுகின்றன. எங்கள் வேதியியல் வகுப்பில் படித்த பல்லுறுப்பாக்கல் வினைதான் இது.

விளக்கு வாங்குவோர் 'எத்தனை வாட்?' என்றே கேட்கின்றனர். நான் கேட்கச் சொல்வது வேறு: எத்தனை நானோமீட்டர்? எல்.இ.டி. விளக்குகள் பெரும்பாலும் 365, 405 ஆகிய அலைநீளங்களை ஒட்டி ஒளி வீசுவன. தூண்டி ஏற்கும் அலைநீளம் இல்லையேல் 48 வாட் இருந்தும் பயனில்லை. ஜெல் செய்தவரே குறிப்பிடும் விளக்கை வாங்குவதே தக்கது.

மேலே இறுகி, அடியில் இறுகாது நின்ற அக்ரிலேட் தோலில் பட்டால் ஒவ்வாமை உண்டாகலாம். வந்துவிட்டால் நீங்குவது அரிது. பின்னாளில் பல் அடைக்கும் பசைகூட ஆகாமற் போகக்கூடும். நக அழகிற்குப் பல்லை ஈடு வைப்பதா?

பழைய குழல் விளக்குகள் நாளடைவில் வலிமை குன்றும். நீல வெளிச்சம் தெரிகிறதே என்று நம்பலாகாது. உள்ளே சிந்திய ஜெல்லும் இறுகி ஒளியை மறைக்கும். ஆதலால் வேலை முடிந்ததும் மின்னிணைப்பை நீக்கி, ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்துவிட வேண்டும். கட்டைவிரலை மட்டும் தனியே காட்டுவது நன்று. மற்ற நான்கோடு சேர்த்து வைத்தால் அது பக்கவாட்டில் சாய்ந்து, நகத்தின் ஒருபுறம் நிழலிலேயே தங்கிவிடுகிறது.