பஞ்சிகாவத்தைக்குப் போகும் முன்

பிள்ளை, தெஹிவளையில் காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையில் ஒரு கராஜில் உனக்கு இடம் கிடைத்திருக்கிறதாம். கைவைக்கப் போகிற முதல் பெரிய வேலை ஒரு பழைய ஹைலக்ஸ் டபிள் கெப்பின் ஓட்டோ கியர் பொக்ஸாம். உன் அம்மா சொல்லக் கேட்டுச் சந்தோசப்பட்டேன். கொஞ்சம் பயமும் வந்தது.

இந்த வேலைக்கு இப்போது பஞ்சமில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்குக் கதவு திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். நடுவே 2022இல், 200 ரூபாவில் நின்ற டொலர் சில கிழமைகளில் 360 ரூபாவுக்கு ஏறியது. விற்றுவிட்டுப் புதிது எடுக்கலாம் என்று இருந்தவர்கள் பழையதையே கட்டி ஓட்டப் பழகிவிட்டார்கள். தொழில் படிக்க நல்ல காலம்தான். ஆனால் பிழையாக வாங்கிய ஒரு சாமானின் விலையும் அதே அளவு ஏறியிருக்கிறது. கழற்றிப் பூட்டுகிற முறையை மொறட்டுவை ஜேர்மன் டெக்கில் உனக்குச் சொல்லித் தந்திருப்பார்கள். நான் சொல்ல வந்தது சாமான் தெரிவு செய்வதைப் பற்றி. ஒருவனுடைய குணம் அங்கேதான் வெளியே வரும்.

1. பொக்ஸைக் கழற்றும் முன் ஒரு சாமானும் வாங்காதே. நோய் அங்கேதான் இருக்கிறதா என்று முதலில் பார். பழைய ஹைலக்ஸ்களில் டீசல் பம்ப் லீவரிலிருந்து கியர் பொக்ஸுக்கு ஒரு கேபிள் போகும். அக்சிலேட்டரை முழுதாக மிதித்துப் பிடித்தால், கேபிளில் இருக்கும் நிறுத்திக்கும் உறையின் நுனிக்கும் இடையே 0 முதல் 1 மில்லிமீற்றர்தான் இடைவெளி இருக்க வேண்டும். அது தளர்ந்தால் உள்ளே ஒயில் அழுத்தம் குறையும், பிளேட் வழுக்கும். இறுகினால் கியர் பிந்தி விழும், உதைக்கும். இரத்மலானையிலிருந்து ஒருவர் டபிள் கெப் கொண்டுவந்தார். இரண்டு இடத்தில் ‘பொக்ஸ் போய்விட்டது’ என்று கணக்குப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். எனக்குத் தொழில் தந்த பாஸ் பொனட்டைத் திறந்து, அந்தக் கேபிளின் இரண்டு நட்டைத் திருகிவிட்டு, ‘இப்ப ஓடிப் பாருங்கோ’ என்றார். முன்பு டீசல் பம்பைக் கழற்றிச் செய்தவர்கள் கேபிளைச் சரியாக வைக்காமல் விட்டிருந்தார்கள். பாஸ் கூலியும் வாங்கவில்லை. அப்போது எனக்கு அது பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டது.

சொலினொய்ட் மேல் சந்தேகம் என்றால் அதற்கும் மீட்டர் போதும். கியர் மாற்றும் இரண்டு சொலினொய்டும் 11 முதல் 15 ஓம் காட்ட வேண்டும். காட்டினால் அவற்றின் மின்சாரப் பக்கம் நலம். வேறு இடம் தேடு.

2. பெயரைச் சரியாகத் தெரிந்துகொண்டு கடைக்குப் போ. ‘ஹைலக்ஸ் ஓட்டோ’ என்று கேட்டால் ஏதோ ஒரு ஹைலக்ஸின் சாமான்தான் கிடைக்கும். வாகனத்தில் அடித்திருக்கும் தகட்டைப் படி. பொக்ஸின் பெயர் அதில் இருக்கும். ஏ340இ, ஏ343எஃப் என்று கண்டால் நடு இலக்கமான 4 முன்கியர்களின் எண்ணிக்கை. கடைசியில் வரும் எஃப் நான்கு சில்லும் இழுக்கும் வாகனத்தைக் காட்டும். ஏ750 என்றால் ஐந்து கியர். அதற்குப் பிறகு வந்த ஏசி60 என்றால் ஆறு. எல்லாம் யப்பானின் அய்சின் கம்பனி வீட்டுப் பிள்ளைகள். 1987 முதல் 2001 வரை ஜீப் செரோக்கீயில் ஓடியதும் இந்த 340 குடும்பத்துப் பொக்ஸ்தான். அதைக் கேள்விப்பட்டு ‘அப்ப எல்லாம் ஒண்டுதானே’ என்று எண்ணிவிடாதே. முன்கூடு, பின் அச்சு, வயர், வால்வ் பொடி எல்லாம் வாகனத்துக்கு வாகனம் மாறும். நிசான் நவாரா வந்தால் அது ஜட்கோ பொக்ஸ். அதன் பக்கம் இந்தச் சாமான் எதையும் கொண்டுபோகாதே.

தகட்டில் படித்ததை மட்டும் நம்பியும் போகாதே. இருபது, முப்பது வருடத்தில் யாரோ பொக்ஸை மாற்றியிருக்கலாம். கழற்றிய பழைய பிளேட்டைக் கடுதாசியில் சுற்றி எடுத்துக்கொண்டு 155 பஸ்ஸில் ஏறி, பஞ்சிகாவத்தைச் சாமான் கடைகளுக்கு மருதானையில் இறங்கு. ஒயில் நாற்றத்துக்குக் கொண்டக்டர் ஏசுவார், ஏசட்டும். கடையில் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பற்களை எண்ணு. வேர்னியரால் தடிப்பை அள. அவசரப்படுத்தும் கடைக்காரரிடம் சிரித்துக்கொண்டே அள.

3. பழையது ஏன் செத்தது என்று தெரியாமல் புதிதைப் போடாதே. இந்தத் தொழிலில் நான் கண்ட நட்டங்களில் பெரும்பகுதி இதில்தான். அடித்தட்டைக் கழற்றியதும் காந்தத்தைப் பார். சாம்பல் நிறத்தில் மை போல ஒட்டியிருப்பது வயதின் அடையாளம், பயமில்லை. மினுங்கும் துகள் இருந்தால் எங்கோ பேரிங்கோ பல்சக்கரமோ அரைபடுகிறது. பிறகு எந்தப் பிளேட் எரிந்திருக்கிறது என்று பார். 340 குடும்பத்தில் முன்னோக்கிப் போகும் எல்லாக் கியருக்கும் சி1 கிளச் வேண்டும், றிவேர்ஸுக்கு அது வேண்டாம். ஆகவே றிவேர்ஸ் நன்றாக இழுத்து, முன்னால் எல்லாக் கியரும் வழுக்குகிறது என்று சாரதி சொன்னால் கழற்றும் முன்பே ஓரளவு தெரிந்துவிடும்.

அந்த ஒரு கிளச் மட்டும் கருகியிருந்தால் பிளேட்டைக் குற்றம் சொல்லாதே. அதைத் தள்ளும் பிஸ்டனின் ரப்பர் சீல் கல்லாகியிருக்கும், அல்லது ஒயில் போகும் வழியில் உள்ள வளையம் தேய்ந்திருக்கும். எல்லாப் பிளேட்டும் ஒரேயடியாகக் கருகியிருந்தால் ஒயில் குறைந்திருக்கிறது, சூடேறியிருக்கிறது, அல்லது பொக்ஸின் ஒயில் பம்ப் களைத்துவிட்டது. எங்களோடு நின்று தொழில் பழகிய ஒரு கோலயா விலையான பிளேட் செட்டைப் போட்டுவிட்டு, பழைய பிஸ்டன் சீலை ‘இன்னும் நல்லாத்தான் இருக்கு’ என்று திரும்பப் பூட்டினான். மழைக்காலம் முடியும் முன் வாகனம் திரும்பி வந்தது. கெட்டித்தனமான பிள்ளை அவன், கை சுத்தம். ஆனால் விலை கூடியதைப் போட்டதால் வேலை நன்றாகிவிட்டது என்று நினைத்துவிட்டான்.

4. கூலரையும் டோர்க் கன்வர்ட்டரையும் மறந்தால் நீ பொக்ஸைக் கட்டவில்லை, கழுவி வைத்திருக்கிறாய். கன்வர்ட்டர் சுற்றி வெல்ட் வைத்து மூடியது. பழைய பிளேட்டின் தூள் எல்லாம் அதற்குள்ளேயும் கூலரின் குழாய்களிலும் போய் நிற்கும். புதிய சாமானைப் பூட்டி ஸ்டார்ட் செய்த முதல் நிமிடத்திலேயே அது வால்வ் பொடிக்குத் திரும்பி வரும். லேத்தில் வெட்டித் திறந்து, கழுவி, திரும்ப வெல்ட் வைத்து, சமநிலை பார்க்கத் தெரிந்தவரிடம் கன்வர்ட்டரைக் கொடு. அதற்கு வழியில்லை என்றால் நல்லது ஒன்றை மாற்று.

கூலர் பல வாகனங்களில் ரேடியேட்டருக்கு உள்ளேயே இருக்கும். உள்சுவர் வெடித்தால் தண்ணீரும் ஒயிலும் ஒன்றாகிவிடும். டிப்ஸ்டிக்கை இழுத்தால் பலூடா நிறத்தில் வரும். அமெரிக்காவில் 2005 முதல் 2010 வரையான நிசான் பாத்ஃபைண்டர், ஃபிரண்டியர், எக்ஸ்டெரா வாகனங்களில் இதே கோளாறுக்காக வழக்கே நடந்தது. அப்படி ஒன்று உன் கைக்கு வந்தால், ஒயிலை மாற்றிக் கொடுத்தால் போதும் என்று உரிமையாளர் கெஞ்சுவார். பிளேட்டின் மேல் இருப்பது கடுதாசி போன்ற பொருள், பசையால் இரும்பில் ஒட்டியது. தண்ணீர் குடித்தால் அது ஊதும், பசை விடும். காய வைத்து மீட்க முடியாது. இதைப் பொறுமையாக அவருக்கு விளக்கு. பிளேட்டோடு ரேடியேட்டரும் மாற வேண்டும் என்று சொல். கோபித்துக்கொண்டு போனால் போகட்டும்.

5. பாவித்த பொக்ஸ் வாங்குவது வெட்கமில்லை. வாங்கும்போது கண்ணை மூடுவதுதான் வெட்கம். 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது கொலன்னாவை, வெல்லம்பிட்டி, கடுவளைப் பக்கம் எத்தனையோ வாகனங்கள் நீருக்குள் நின்றன. அப்படி நின்றவற்றின் சாமான்கள் காலம் கழித்து எங்கேயாவது விலைக்கு வரும். கத்தரிக்காய் முற்றினால் சந்தைக்கு வரத்தானே வேண்டும்.

தெஹிவளையில் நிற்கும் வாகனத்தின் அலுமினியக் கூடு வெளியே வெள்ளை பூத்திருந்தால் பயப்படாதே. அது உப்புக்காற்று, எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியைத் தின்கிற அதே காற்று. நான் சந்தேகப்படுவது பளபளவென்று கழுவி வெள்ளி மை பூசி வைத்த பொக்ஸைத்தான். பின் அச்சின் பற்களில் துரு இருக்கிறதா, மூச்சுக்குழாயில் சேறு காய்ந்திருக்கிறதா என்று பார். மிச்ச ஒயிலை வெள்ளைக் கடுதாசியில் ஒரு துளி விட்டு மணந்து பார். பிறகு, ‘அண்ணை, அடித்தட்டை உங்கட முன்னாலேயே கழட்டிப் பாக்கலாமோ?’ என்று மரியாதையாகக் கேள். ஓம் என்பவர் பலர். வேண்டாம் என்றால் தேத்தண்ணீருக்கு நன்றி சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போ.

6. எதில் கை சுருக்கலாம், எதில் கூடாது என்பதை உரிமையாளரின் முகத்தைப் பார்த்துத் தீர்மானிக்காதே. ரப்பர், வளையம், கெஸ்கட், பில்டர், உராயும் பிளேட், பம்பின் புஷ் எல்லாம் எப்போதும் புதிது. டிரம், அச்சு, பல்சக்கரத் தொகுதி ஆகியவை அளந்து பார்த்து நன்றாக இருந்தால் பாவித்ததே போதும். இரும்புப் பிளேட்டில் நீலப் புள்ளி விழுந்திருந்தால் சூட்டில் வளைந்திருக்கும், எறி. ‘ஓவர்ஹோல் கிட்’ என்று வாங்கினால் சீலும் கெஸ்கட்டும்தான் வரும். ‘மாஸ்டர் கிட்’ என்றால்தான் பிளேட்டும் சேரும். கடையிலேயே பிரித்து எண்ணிப் பார். அய்சின், எக்ஸெடி, ரேபெஸ்டோஸ், போர்க்வோர்னர் என்று நல்ல பெயர்கள் உண்டு. பெயர் அச்சடித்த வெறும் பெட்டிகளும் உண்டு. ஓரத்தில் பசை பிதுங்கியிருந்தால், பள்ளங்கள் ஒழுங்கில்லாமல் இருந்தால், விலை கனவு போல இருந்தால் வேண்டாம். கியர் விழும் விதத்தை மாற்றும் ஷிப்ட் கிட் மோகம் உனக்கும் வரும். முதல் சில வருடம் கம்பனி கட்டியபடியே கட்டு.

7. ஒயிலும் ஒரு சாமான். பழைய 340க்கு டெக்ஸ்ரோன் இரண்டு அல்லது மூன்று, பின்னால் வந்தவற்றுக்கு டைப் டி-4, அதற்கும் பிறகு டபிள்யூ எஸ் என்று டொயோட்டா மாற்றிக்கொண்டே வந்தது. ஒன்றுக்குப் பதில் மற்றது ஊற்றினால் பிளேட் பிடிக்கும் விதம் மாறி வாகனம் நடுங்கும். டெக்ஸ்ரோன் மூன்றுக்கு ஜெனரல் மோட்டர்ஸ் கொடுத்த உரிமங்கள் 2006 முடிவோடு நின்றுவிட்டன. இன்று அந்தப் பெயருடன் வரும் கலனில் பெயரைவிட, அடைத்தவர் யார் என்பதைப் பார். புதுப் பிளேட்டைப் பூட்டும் முன் அதே ஒயிலில் குறைந்தது 15 நிமிடம் ஊற வை என்கிறது டொயோட்டா கைநூல். நீ தேத்தண்ணீர் குடித்துவிட்டு வா, அது ஊறட்டும்.

8. கொமிஷன் வாங்காதே. கடைக்காரர் பில்லில் ஒரு விலை எழுதி, உன் கையில் ஒரு நோட்டை வைப்பார். எல்லாரும் வாங்குகிறார்கள் என்பார், அது உண்மையும்கூட. ஆனால் ஒருமுறை வாங்கியவன் அடுத்த முறை அந்தக் கடைச் சாமானைத் தூக்கிப் பார்த்துக் குறை சொல்ல மாட்டான். கழிவு தருவதென்றால் பில்லிலேயே கழிக்கச் சொல். கழற்றிய பழைய சாமானை ஒரு பையில் போட்டு உரிமையாளரிடம் கொடு. அவருக்கு ஒன்றும் விளங்காமல் இருக்கலாம், கொடு. கடைக்காரரிடமும் அப்படியே நட. நீ பூட்டும்போது கிழித்த சீலைக் கொண்டுபோய் ‘வரேக்கையே இப்பிடித்தான் இருந்தது’ என்று சொல்லாதே.

9. இல்லை என்று சொல்லப் பழகு. சாமான் வர நாள் எடுக்கும் என்றால் நாள் எடுக்கும் என்று சொல். நாளைக்குக் கதிர்காமம் போக வேண்டும் என்று ஒருவர் நிற்பார். அவருக்காக ஒத்துவராத வளையத்தை அரத்தால் தேய்த்து ஒத்துவர வைக்காதே. மூன்று சாமான் சேர்ந்து பாவித்த பொக்ஸின் விலையைத் தாண்டினால், கட்டுவதை விட்டு மாற்றச் சொல். உன் கூலி குறையும்.

10. கொப்பி ஒன்று வைத்திரு. எந்த வாகனம், எந்தப் பொக்ஸ், எந்தக் கிளச்சில் எவ்வளவு இடைவெளி, எந்தக் கடைச் சாமான், என்ன தேதி. கட்டி முடியும் முன் ஒவ்வொரு கிளச்சின் துளையிலும் காற்றடித்துப் பார். ‘டொக்’ என்று பிஸ்டன் அடிக்க வேண்டும். ‘உஸ்’ என்றால் எங்கோ சீல் புரண்டிருக்கிறது, அலுப்புப் பார்க்காமல் திரும்பக் கழற்று. பூட்டிய பிறகு ஒயில் 70, 80 பாகைக்குச் சூடேறும் வரை ஓடி, லீவரை எல்லா இடத்துக்கும் ஒருமுறை கொண்டுபோய் பார்க்கில் விட்டு, எஞ்சின் ஓடும்போதே டிப்ஸ்டிக்கைப் பார். 1,000 கிலோமீற்றர் ஓடியதும் வாகனத்தைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி, அடித்தட்டைக் கழற்றிக் காந்தத்தைப் பார்த்துக் கொப்பியில் எழுது. அந்த நாளுக்கு ஒயில் காசு மட்டும் எடு.