படக்கட்டுரை எழுதும் முறை: கொல்லிமலைச் சாமையை முன்வைத்து ஒரு பாடம்

கொல்லிமலைக்குச் சென்று திரும்பும் குடும்பத்தார் இன்று கைபேசியில் நூறு படங்களுக்குக் குறையாமல் எடுத்து வருகின்றனர். காரவள்ளியிலிருந்து ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகளும், ஆகாய கங்கை அருவியும், அறப்பளீசுவரர் கோயிலும் அவற்றில் தவறாது இடம்பெறும். அன்றைக்கே அவை இணையத்தில் ஏறி உற்றார் உறவினரைச் சென்றடைகின்றன. ஆயினும் ஓராண்டு கழித்துப் பார்த்தால், எப்படம் எவ்விடத்தது என்று எடுத்தவருக்கே விளங்குவதில்லை. படங்களின் குவியல் வேறு, படக்கட்டுரை வேறு. அதனை அமைக்கும் முறையை இப்பாடத்தில் காண்போம்.

படக்கட்டுரை யாது?

ஒரு பொருளைப் பற்றிய சில படங்களை ஒழுங்குபட நிறுத்தி, தேவையான சொற்களை உடன்சேர்த்து, ஒரு கருத்தை விளங்க வைப்பதே படக்கட்டுரை. யூஜின் ஸ்மித் என்னும் நிழற்படக் கலைஞர் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் கிரெம்லிங் என்னும் சிற்றூர் மருத்துவருடன் 23 நாள்கள் தங்கியிருந்து படமெடுத்தார். 1948 செப்டம்பர் 20ஆம் நாளிட்ட 'லைஃப்' இதழில் வெளியான அப்படைப்பு, இவ்வகைக்கு இன்றும் முன்மாதிரியாகக் காட்டப்படுகிறது.

நம் நாட்டில் இதழாளர் பி. சாய்நாத், 1993 முதல் 2002 வரை 10 மாநிலங்களில் உழைக்கும் கிராமப் பெண்களைப் படமெடுத்தார். அப்படங்கள் பேருந்து நிலையங்களிலும் ஆலை வாயில்களிலும் கூடக் காட்சிக்கு வைக்கப்பட்டன. பின்னர், 2014 டிசம்பர் 20ஆம் நாள் அவர் தொடங்கிய 'பாரி' என்னும் கிராமப்புற இந்திய மக்கள் ஆவணக் களரியின் வாயிலாக அவை இணையத்திலும் ஏறின. கொல்லியை ஆண்ட ஓரியைப் போலவே பாரியும் கடையெழு வள்ளல்களுள் ஒருவன் அன்றோ! அப்பெயர் கொண்ட ஆவணக் களரியும் தன் படக்கட்டுரைகளை யாவரும் விலையின்றிக் காண வழங்கியது.

பொருளைத் தேர்தல்

'கொல்லிமலை' என்பது ஒரு கட்டுரைக்குப் பெரும்பொருள். 'கொல்லிமலையில் சாமை' என்பது அளவான பொருள். இம்மலையில் சாமை, தினை, கேழ்வரகு முதலிய சிறுதானியங்கள் தொன்றுதொட்டு விளைந்து வந்தன. சமவெளியின் ஜவ்வரிசி ஆலைகளுக்குச் செல்லும் மரவள்ளிக்கிழங்கு கைக்குப் பணம் தந்தது. நியாய விலைக் கடை அரிசி சமையலை எளிதாக்கியது. சாமை நிலம் சுருங்கியது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இம்மலை மக்களுடன் சேர்ந்து சிறுதானியங்களைக் காக்கும் பணியில் ஈடுபட்டது. இவ்வளவையும் 10 படங்களில் சொல்ல இயலும்.

ஒழுங்குமுறை

ஆசிரியப் பயிற்சியில் நாங்கள் கற்ற பாடம், அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்க என்பது. அதுவே இங்கும் வழி. முதற்படம் மலைச்சரிவை முழுமையாகக் காட்டட்டும். அடுத்து வயல், அதன்பின் கதிர், அதன்பின் உழைக்கும் கை, அதன்பின் அக்கைக்குரியவரின் முகம். தொடர்ந்து களம், உரல், அரைவை இயந்திரம், அடுப்பு, உணவு உண்ணும் குழந்தைகள். ஒரே காட்சியைக் காட்டும் இரு படங்களுள் ஒன்றை இரக்கமின்றி நீக்குக. விதைப்பையும் அறுவடையையும் ஒரே நாளில் காண இயலாதாகையால், ஒருமுறை மலையேறி வந்தால் போதாது என்பதையும் மனத்திற் கொள்க.

படக்குறிப்பு

'படம் தானே பேசும்' என்பர். அது பாதி உண்மையே. ஒரு பெண் உரலில் சாமை குத்துகிறார் என்று கொள்வோம். குறிப்பின்றிப் பார்ப்பவர், 'ஆகா, பழமையின் அழகு!' என்று மகிழ்ந்து கடந்துவிடுவார். சாமையின் உமி கடினமானது. அதைக் குத்திப் புடைத்து அரிசியாக்கும் வேலை முழுவதும் பெண்கள் தலையில் விழுந்தது. அத்துயரமும் சாமை அடுப்படியை விட்டு நீங்க ஒரு காரணமாயிற்று. இயந்திரங்கள் வந்த பிறகே அவ்வேலை குறைந்தது. இவ்விரண்டு வரிகளைப் படத்தின் கீழ் எழுதினால், அழகென்று கண்டவர் உழைப்பென்று காண்பார். படத்தின் பொருளே மாறிவிடுகிறது. ஆகவே குறிப்பு எழுதாமல் விடுவது, பார்ப்பவரைத் தவறான முடிவுக்கு வழிநடத்துவதாகும்.

குறிப்பில் இடம், நாள், செயல், எடுத்தவர் பெயர் ஆகிய நான்கும் வேண்டும். 'கொல்லிமலை' என்று மட்டும் எழுதாமல் வளப்பூர் நாடு, குண்டூர் நாடு என அங்குள்ள வழக்கப்படி நாட்டின் பெயரையும் எழுதுக. வெள்ளைப் பெருஞ்சாமை, கட்டவெட்டிச் சாமை என விளைவிப்போர் வழங்கும் பெயர்களை அவ்வாறே குறிக்க. இம்மக்கள் 'மலையாளி' எனப்படுவர், தமிழ் பேசுவோர். விளக்கமின்றி அச்சொல்லை எழுதினால், கேரளத்தார் என்று வெளியூர் வாசகர் எண்ணிவிடக்கூடும்.

இசைவும் காவலும்

இணையத்தில் ஏறிய படம் பிறர் கைகளில் படியெடுக்கப்பட்டபின் மீட்க இயலாதது. எனவே படமெடுக்கும் முன் இசைவு கேட்க வேண்டும். 'இதை உலகெங்கும் உள்ளோர் பார்ப்பர்' என்பதையும் விளங்கச் சொல்ல வேண்டும். எடுத்த படத்தையும் எழுதிய குறிப்பையும் உரியவருக்குக் காட்டுக. அவர் வேண்டாமென்றால், எத்துணை நல்ல படமாயினும் விடுக. குழந்தைகளாயின் பெற்றோர் இசைவு இன்றியமையாதது.

கைபேசியில் இட அமைப்பு திறந்திருந்தால், எடுத்த இடத்தின் துல்லியமான குறியீடு படத்திற்குள் பதிவாகிவிடும். காவலற்ற பழஞ்சிலை, அரிய மூலிகை, தனித்த வீடு ஆகியவற்றின் படங்களை வெளியிடுமுன் அக்குறியீட்டை நீக்குக. திருடரும் இணையத்தைப் பார்ப்பவரே.

பகிர்தல்

உறவினருக்கு மட்டுமாயின் கைபேசிக் குழுவே போதும். பொதுமக்களுக்கு நிலையாகப் பயன்பட வேண்டுமாயின், 2004இல் தொடங்கிய விக்கிமீடியா பொதுவகத்தில் படங்களை ஏற்றலாம், கட்டணமில்லை. ஆனால் அங்குத் தரும் உரிமம் எவரும் எடுத்தாள இடமளிப்பது. தந்தபின் திரும்பப் பெற இயலாது. ஆதலால் மனிதர் முகமுள்ள படங்களை அங்கு ஏற்றுமுன் இருமுறை எண்ணுக. எதை எங்கு ஏற்றினும், குறைக்கப்படாத மூலப் படத்தின் படி ஒன்றை வீட்டில் தனியே சேமித்து வைக்க.

பயிற்சி

1. உங்கள் ஊரில் மறைந்து வரும் தொழில் அல்லது பயிர் ஒன்றைத் தேர்ந்து, 7 படங்களில் ஒரு கட்டுரை அமைக்க.

2. ஒவ்வொரு படத்திற்கும் 25 சொற்களுக்கு மிகாமல் குறிப்பு எழுதுக. படத்திலேயே தெரிவதை மீண்டும் எழுதாது, தெரியாததை எழுதுக.

3. குறிப்புகளை மறைத்துவிட்டுப் படங்களை மட்டும் ஒருவருக்குக் காட்டுக. அவர் கொண்ட பொருளைக் கேட்டபின் குறிப்புகளைக் காட்டுக. எங்கே அவர் கருத்து மாறியது என்று ஆராய்க.

4. அமைத்த கட்டுரையை முதலில் அதில் இடம்பெற்றவர்களிடமே காட்டுக. அவர்கள் திருத்தியதைத் திருத்திய பின்னரே உலகிற்குக் காட்டுக.