வீட்டுப் பட்டறைக்குக் காற்று இயந்திரம்: வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பருவத்தில் டிரெய்லரின் டயர் இறங்கிவிட்டால் அன்றைய வேலை கெட்டதுதான். கச்சிராயபாளையம், மூங்கில்துறைப்பட்டு கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளுக்குப் போக வேண்டிய கரும்பு வயலிலேயே காயும். காயக் காய எடை குறையும். கல்வராயன் மலையிலோ கஷ்டம் இன்னும் அதிகம். பிடுங்கிய மரவள்ளிக் கிழங்கு இரண்டு, மூன்று நாளில் கெட ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டு அடிவாரத்துக்கு இறங்கி ஏறுவதென்றால் கூலியும் போகும், கிழங்கும் போகும்.

இதனால் வீட்டிலேயே ஒரு சிறு கம்ப்ரசர் வைத்துக்கொள்ளலாம் என்று விவசாயிகள் நினைப்பது இயல்பே. இங்கு சொல்லப்படுவது போர்வெல்லிலிருந்து தண்ணீர் எடுக்கும் கம்ப்ரசர் அல்ல. டயருக்குக் காற்று அடிக்கவும், டிராக்டர், பவர் டில்லரின் ஏர் பில்டர், ரேடியேட்டர் ஆகியவற்றை ஊதிச் சுத்தம் செய்யவும், தகரம், கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்கவும் உதவும் சிறு இயந்திரமே இது.

மூன்று அளவுகள்

கடைக்காரர் முதலில் குதிரைத் திறனையும் டேங்க்கின் அளவையும்தான் சொல்வார். அவை மட்டும் போதா. இயந்திரத்தைக் கிணற்றோடு ஒப்பிட்டால் எளிதில் விளங்கும். நிமிடத்துக்கு எவ்வளவு காற்று தருகிறது என்பது கிணற்றின் ஊற்று. டேங்க் என்பது தண்ணீர்த் தொட்டி. அழுத்தம் என்பது தொட்டி இருக்கும் உயரம். ஊற்று குறைந்த கிணற்றுக்கு எவ்வளவு பெரிய தொட்டி கட்டினாலும் அதிக நிலம் பாயாது.

அழுத்தம்: டிராக்டரின் முன் டயருக்குப் பொதுவாக 25 முதல் 35 பவுண்டு, பின் டயருக்கு 12 முதல் 16 பவுண்டு காற்று போதும். டிரெய்லர் டயருக்குக் கூடுதலாக வேண்டும். சரியான அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும். 1 கிலோ அழுத்தம் என்பது சுமார் 14 பவுண்டு. ஆகவே 8 கிலோ அழுத்தம் தரும் இயந்திரம் வீட்டு வேலைக்குத் தாராளம். அதற்கு மேல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

காற்றின் அளவு: இதை சி.எப்.எம். என்ற கணக்கில் சொல்வார்கள். 1 சி.எப்.எம். என்றால் நிமிடத்துக்குச் சுமார் 28 லிட்டர். டயருக்கு 2 அல்லது 3 போதும். ஏர் கன் கொண்டு ஊத 5 வரை தேவைப்படும். பெயிண்ட் துப்பாக்கிக்கு 5 அல்லது அதற்கு மேலும் கேட்கும். பலகையில் பொறித்திருக்கும் எண் பெரும்பாலும் பிஸ்டன் தள்ளும் அளவே. உண்மையில் வெளியே வரும் காற்று அதில் மூன்றில் இரண்டு பங்கிலிருந்து முக்கால் பங்கு வரைதான். "வெளிவரும் காற்று எவ்வளவு?" என்று கேட்டு வாங்க வேண்டும்.

டேங்க்: 25 லிட்டர் டேங்க்கில் 8 கிலோவிலிருந்து 5 கிலோ வரை இறங்கும்போது கிடைப்பது 25 × 3 = 75 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 140 லிட்டர் கேட்கும் ஏர் கன்னுக்கு இது அரை நிமிடம்தான் வரும். 50 லிட்டர் என்றால் ஒரு நிமிடம். விட்டு விட்டு ஊதும் வேலைக்கு 50 லிட்டர் சௌகரியம். டயருக்கு மட்டும் என்றால் 25 லிட்டரே போதும்.

கடையிலேயே சோதனை

கைக்கடிகாரம் ஒன்று இருந்தால் போதும். டேங்க்கைக் காலி செய்து, வால்வை மூடி, இயந்திரத்தை ஓட்டச் சொல்ல வேண்டும். மீட்டர் 7 கிலோ காட்டும்வரை நேரம் பார்க்க வேண்டும். டேங்க் 25 லிட்டர் என்றால் 25 × 7 = 175 லிட்டர். இதற்கு இரண்டரை நிமிடம் ஆனால் நிமிடத்துக்கு 70 லிட்டர், அதாவது சுமார் இரண்டரை சி.எப்.எம். பலகை என்ன சொன்னாலும் உண்மை இதுவே. பிறகு இயந்திரத்தை நிறுத்திப் பத்து நிமிடம் காத்திருந்து முள் இறங்குகிறதா என்று பார்க்கலாம். இறங்கினால் எங்கோ கசிவு இருக்கிறது.

மலையில் இருப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். சின்னக் கல்வராயன் சுமார் 2,700 அடி, பெரிய கல்வராயன் சுமார் 4,000 அடி உயரம். அங்கு காற்று மெலிந்திருப்பதால் அதே இயந்திரம் சமவெளியில் தருவதைவிட ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவாகவே தரும். தேவைக்குச் சற்றுக் கூடுதலாகவே வாங்குவது நல்லது.

எந்த வகை?

மோட்டாரோடு நேராக இணைந்த, எண்ணெய் ஊற்றத் தேவையில்லாத வகை விலை குறைவு; தூக்கிச் செல்ல எளிது. ஆனால் சத்தம் அதிகம், சீக்கிரம் சூடாகும், ஓய்வு கொடுத்தே ஓட்ட வேண்டும். பெல்ட் போட்டு ஓடும், எண்ணெய் ஊற்றும் வகை விலை கூடுதல். அது மெதுவாகச் சுற்றுவதால் பல வருடம் உழைக்கும். பெல்ட், வால்வு, ரிங் மாற்றிப் பழுது பார்க்கலாம். மாதம் இரண்டு, மூன்று முறை மட்டும் பயன்படுத்துவோருக்கு முதல் வகை போதும். வாரந்தோறும் வேலை உள்ளவர்கள் இரண்டாவதை வாங்கலாம். கோயம்புத்தூர் இத்தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். எல்ஜி நிறுவனம் 1960-இல் அங்குதான் தொடங்கப்பட்டது. எந்தக் கம்பெனியானாலும், உதிரி பாகம் கள்ளக்குறிச்சியிலோ சேலத்திலோ கிடைக்குமா என்று விசாரித்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

மின்சாரம்

வீட்டு சிங்கிள் பேஸ் இணைப்புக்கு 1 குதிரைத் திறன் ஏற்றது. ஒரு மணி நேரம் ஓடினால் சுமார் 1 யூனிட் ஆகும். ஆனால் மோட்டார் கிளம்பும்போது பல மடங்கு மின்சாரம் இழுக்கும். மாலையில் வோல்டேஜ் 200-க்குக் கீழே இறங்கும் ஊர்களில் மோட்டார் கிளம்பாமல் உறுமும், காயில் கருகிவிடும். அந்த நேரத்தில் ஓட்டக் கூடாது. நீளமான, மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரும் இதே கெடுதலைச் செய்யும். வயரை நீட்டுவதற்குப் பதில் காற்றுக் குழாயை நீட்டுவதே சரி. எர்த் கட்டாயம் வேண்டும். பம்புசெட்டுக்கான இலவச மின் இணைப்பில் இதை ஓட்டுவது விதிமீறல்.

உயிருக்கு ஆபத்து

அழுத்திய காற்றிலிருந்து டேங்க்கின் அடியில் தண்ணீர் சேரும். மலையின் பனிமூட்டத்தில் இன்னும் அதிகம் சேரும். அதை வேலை முடிந்ததும் திறந்துவிடாவிட்டால் டேங்க் உள்ளிருந்தே துருப்பிடித்து ஒரு நாள் வெடிக்கும். பழைய இயந்திரம் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குபவர்கள் அடிப்பகுதியை நன்றாகப் பார்க்க வேண்டும். துரு, பற்றவைத்த ஒட்டு ஏதேனும் தெரிந்தால் வாங்கவே கூடாது. சமையல் எரிவாயு சிலிண்டரை டேங்க்காக மாற்றித் தருபவர்களிடம் போகக் கூடாது. சேப்டி வால்வு வேலை செய்கிறதா என்று அவ்வப்போது பார்க்க வேண்டும்.

உடம்பிலும் துணியிலும் காற்றை ஊதக் கூடாது. ஏர் பில்டரை உள்ளிருந்து வெளியே, 2 கிலோவுக்கு மிகாமல் ஊத வேண்டும். மிஞ்சினால் காகிதம் கிழிந்து தூசி எஞ்சினுக்குள் போகும். டயருக்குக் காற்று அடிக்கும்போது சக்கரத்துக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நிற்க வேண்டும்.

யாருக்குத் தேவையில்லை?

மோட்டார் சைக்கிளும் கைத்தெளிப்பானும் மட்டும் உள்ளவர்களுக்கு இது வீண் செலவு. கால் பம்போ, பேட்டரியில் ஓடும் சிறு பம்போ போதும். டிராக்டர் அல்லது பவர் டில்லர் உள்ள மூன்று, நான்கு குடும்பங்கள் சேர்ந்து நல்ல பெல்ட் வகை ஒன்றை வாங்கினால் ஆளுக்கு ஆகும் செலவு குறையும். ஆனால் தினமும் தண்ணீரைத் திறந்துவிடும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். எல்லோருடைய பொருள் என்று விட்டால் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

ஹோஸ் குழாய், டயர் மீட்டர், ஏர் கன், தண்ணீர் பிரிக்கும் பில்டர் ஆகியவற்றின் விலையையும் சேர்த்துக் கணக்குப் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும். விலையைக் கேட்குமுன் வேலையைக் கணக்கிட்டால் பணமும் மிஞ்சும், அவசர நேரத்தில் டயரும் நிற்கும்.