காவலூர் மலைமேல் ஒரு சிவப்புப் புள்ளி

காவலூர் என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது வைணு பாப்பு வானாய்வகம்தான். ஜவ்வாது மலையில் சுமார் 725 மீட்டர் உயரத்தில், 1986-ல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் டெலஸ்கோப் அங்கிருந்து வானத்தைப் பார்க்கிறது. அதே மலையை வானத்திலிருந்து தினமும் பார்த்துக்கொண்டு போகிற கருவிகளும் உண்டு. அவை தேடுவது நட்சத்திரத்தை இல்லை, நெருப்பை.

ஜவ்வாது மலைக் காடு பெரும்பாலும் இலையுதிர் காடு. மாசி, பங்குனியில் தரையெல்லாம் சருகும் காய்ந்த புல்லும்தான். பிப்ரவரி முதல் மே வரை தீக்காலம். அந்த மாதங்களில் நாசாவின் ஃபிர்ம்ஸ் இணையதளத்தைத் திறந்தால் நம்ம ஊர் மலைகள் மேல் சிவப்புப் புள்ளிகள் தெரியும். டேட்டா இலவசம், டவுன்லோடு செய்வதும் சுலபம். ஆனால் ஒரு புள்ளி எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று தெரியாமல் மேப் போட்டால் முடிவு தப்பாகப் போகும். அந்தத் தப்பு மலையில் வாழ்கிறவர்கள் மேல் பழியாகவும் விழலாம். அதனால் அடிப்படையிலிருந்தே பார்ப்போம்.

புள்ளி எப்படிப் பிறக்கிறது?

முதலாம் ஆண்டு இயற்பியலில் படித்த வீன் விதியை எடுத்துக்கோங்க. 300 கெல்வினில் இருக்கும் சாதாரணத் தரை அதிகமாக வெளிவிடுவது சுமார் 9.7 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில். 800 கெல்வினில் எரியும் தீக்கு அது சுமார் 3.6 மைக்ரோமீட்டர். அதனால் செயற்கைக்கோள் ஒரே இடத்தை 4 மைக்ரோமீட்டர் பக்கத்தில் ஒரு தடவையும், 11 மைக்ரோமீட்டர் பக்கத்தில் ஒரு தடவையும் அளக்கிறது.

பிளாங்க் சமன்பாட்டில் எண்களைப் போட்டுப் பாருங்க. 4 மைக்ரோமீட்டரில் தீயின் கதிர்வீச்சு தரையைவிட ஏறக்குறைய 1,800 மடங்கு. 11 மைக்ரோமீட்டரில் வெறும் 19 மடங்கு. விஷயமே இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

விர்ஸ் என்ற கருவியின் ஒரு பிக்சல் 375 மீட்டர் சதுரம், அதாவது சுமார் 14 ஹெக்டேர். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டும் எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அது 12 மீட்டருக்கு 12 மீட்டர் இடம். அந்தச் சின்ன நெருப்பே 4 மைக்ரோமீட்டர் சிக்னலை 2.8 மடங்கு ஆக்கிவிடும். வெப்பநிலைக் கணக்கில் 300 கெல்வின் 328 ஆகத் தெரியும். 11 மைக்ரோமீட்டரிலோ ஒரு கெல்வின்தான் ஏறும். இந்த இடைவெளியைச் சுற்றியுள்ள பிக்சல்களோடு ஒப்பிட்டு, வழக்கத்துக்கு மாறாக இருந்தால் அல்காரிதம் 'தீ' என்று குறிக்கும்.

ஆகவே ஒரு புள்ளி என்றால் 14 ஹெக்டேரும் எரிந்தது என்று அர்த்தம் இல்லை. அந்தச் சதுரத்துக்குள் எங்கேயோ சூடான ஒன்று இருந்தது, அவ்வளவுதான். செயற்கைக்கோள் பார்க்கும் அகலத்தின் ஓரத்துக்குப் போனால் பிக்சல் இன்னும் பெரிதாகும். அதனால் மலைச்சரிவில் புள்ளி விழுந்த இடத்தைச் சில நூறு மீட்டர் தளர்த்தியே படிக்க வேண்டும்.

நேரம்தான் பெரிய ஓட்டை

விர்ஸ் கருவி உள்ள சுவோமி என்பிபி நம் தலைக்கு மேல் வருவது மதியம் சுமார் 1:30, இரவு சுமார் 1:30. மாலை 4 மணிக்குப் பற்றி 8 மணிக்கு அணைந்த தீ அதன் கண்ணில் படவே படாது. மேகம் மறைத்தாலும் அதே கதைதான். இன்சாட் வரிசைப் புவிநிலைச் செயற்கைக்கோள் அரை மணிக்கு ஒருமுறை பார்க்கிறது, ஆனால் அதன் பிக்சல் 4 கிலோமீட்டர்.

டேட்டா நம் கைக்கு வரவும் நேரம் ஆகும். ஃபிர்ம்ஸில் பொதுவாக 3 மணி நேரத்துக்குள் வரும். டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் 2004 முதல் இப்படிப்பட்ட தகவலை மாநில வனத்துறைகளுக்கு அனுப்பி வருகிறது. பெரிய உதவிதான். ஆனால் தேனி மாவட்டம் குரங்கணியை நினைத்துப் பாருங்க. 2018 மார்ச் 11 அன்று மலையேறப் போனவர்கள் காய்ந்த புல் சரிவில் தீக்குள் சிக்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தீ மேட்டில் ஏறும்போது, சரிவு 10 டிகிரி கூடினால் அதன் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும் என்பது பழைய கைக்கணக்கு. அந்த வேகத்துக்கு மூன்று மணி நேரம் கழித்து வரும் புள்ளி ஈடு கொடுக்காது.

அப்போ இந்த டேட்டா எதுக்கு? இது அபாய மணியைவிட டைரியாகத்தான் அதிகம் பயன்படும். பல வருடப் பக்கங்களைச் சேர்த்துப் படித்தால், தீ எங்கே, எந்த வாரத்தில், திரும்பத் திரும்ப வருகிறது என்று சொல்லும்.

டைரியைப் படிக்கும் முறை

காவலூர் 12.57 டிகிரி வடக்கு, 78.83 டிகிரி கிழக்கில் இருக்கிறது. அதைச் சுற்றி 12.3 முதல் 12.8, 78.5 முதல் 79.0 என்று ஒரு பெட்டி போட்டு, விர்ஸ் பழைய பதிவுகளைக் கேளுங்க. 2012-லிருந்து கிடைக்கும். பிறகு இந்த ஐந்தையும் கவனியுங்க.

1. நேரம் யுடிசியில் இருக்கும். 5:30 மணி கூட்ட மறந்தால் மதியத் தீ காலைத் தீயாகிவிடும்.

2. வருடங்களை ஒப்பிட ஒரே செயற்கைக்கோளை மட்டும் எடுங்க. 2017 நவம்பரில் ஏவப்பட்ட நோவா-20-லும் விர்ஸ் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் 2018-க்குப் பிறகு புள்ளிகள் எகிறும். எகிறியது தீ இல்லை, கண்களின் எண்ணிக்கை.

3. புள்ளிகளின் எண்ணிக்கை தீக்களின் எண்ணிக்கை ஆகாது. ஒரு நீண்ட தீ பத்துப் பிக்சலில் விழலாம். ஒரு கிலோமீட்டருக்குள், இரண்டு நாளுக்குள் இருப்பவற்றை ஒரே நிகழ்வாகச் சேர்த்துப் பாருங்க.

4. நம்பகத்தன்மை 'குறைவு' என்று இருப்பதைத் தனியாக வையுங்க. பகலில் 4 மைக்ரோமீட்டரில் சூரிய ஒளியின் பிரதிபலிப்பும் கலந்துவிடும்.

5. எஸ்ஆர்டிஎம் உயரத் தரவிலிருந்து சரிவும் அதன் திசையும் எடுத்து, கியூஜிஐஎஸ்ஸில் புள்ளிகளோடு சேருங்க. மேற்குச் சரிவு பிற்பகல் வெயிலை வாங்குகிறது. தீ அங்கே அதிகமா என்று நீங்களே சோதிக்கலாம்.

எரிந்த பரப்பு வேண்டுமென்றால் சென்டினல்-2 படங்களுக்குப் போக வேண்டும். அருககச்சிவப்பு, குற்றலை அகச்சிவப்பு இரண்டின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவது என்பிஆர் குறியீடு. காடு எரிந்தால் இது சரியும். ஆனால் இலையுதிர் காட்டில் ஒரு பொறி இருக்கிறது. ஜனவரிப் படத்தையும் மார்ச் படத்தையும் ஒப்பிட்டால், இலை உதிர்ந்ததாலேயே குறியீடு குறைந்திருக்கும். எரியாத பக்கத்துக் காட்டில் எவ்வளவு குறைந்தது என்று பார்த்து, அதைக் கழித்த பிறகே பேச வேண்டும்.

யார் வைத்த தீ?

இந்தக் கேள்விக்கு எந்த பேண்டிலும் பதில் கிடையாது. மலைக்கிராமத்தின் அருகே விழும் புள்ளி காட்டுத்தீயாக இருக்கலாம். அறுவடை முடிந்த சாமை நிலத்தைச் சுத்தம் செய்ய வைத்த நெருப்பாக இருக்கலாம். வனத்துறையே தீத்தடுப்புக் கோடு போட, காய்ந்த புல்லைக் கட்டுப்பாட்டோடு எரித்ததாகவும் இருக்கலாம். மூன்றும் ஒரே சிவப்பு. 'கிராமத்துக்கு அருகே புள்ளிகள் அதிகம், எனவே கிராமத்தார்தான் காரணம்' என்று ரிப்போர்ட்டில் எழுதுவது ஒரு வரி வேலை. அது அங்கே வாழும் மலையாளிப் பழங்குடி மக்களுக்கு என்ன செய்யும் என்று யோசிச்சுப் பாருங்க.

அதனால் ப்ராஜெக்ட் லேப்டாப்போடு முடியக் கூடாது. பத்து வருடப் புள்ளிகளை அடுக்கி, அடிக்கடி எரியும் ஐந்தாறு சதுரங்களை அச்செடுத்து, தீக்காலத்துக்கு முன்பே வனச்சரக அலுவலகத்திலும் ஊர்ப் பெரியவர்களிடமும் காட்டுங்க. 'இங்கே என்ன நடக்கும்?' என்று கேளுங்க. பதில் சரியாகக் கிடைத்தால், அடுத்த ஜனவரியில் தீத்தடுப்புக் கோட்டை எங்கே வெட்டுவது என்று அவர்களே முடிவு செய்வார்கள். நாம் போட்ட மேப்புக்கு அதைவிடப் பெரிய மார்க் யாரும் போட முடியாது.